நூற்று இருபதுக்கு எண்பது

ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் கலைந்து எழுந்தபோது சின்னவனின் வலது மேற்கையில் ஒரு பட்டை பதிந்திருந்தது. நான்கு விரல் அகலம். தோல் சிவந்து, துணியின் நெசவு வரி வரியாக அச்சாகியிருந்தது. சுற்றிலும் அட்டைப்பெட்டிகள். மருந்துக்கடையின் பின்னறைக்கே உரிய வாசனை, மாத்திரைத் தூளும் ஸ்பிரிட்டும் புழுங்கிய அட்டையும் கலந்தது, எப்போதும்போல் இருந்தது. அதோடு இன்று கொஞ்சம் ரப்பர் வாடை. கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். கையில்தான்.

பெட்டியின் விளிம்பில் கையை வைத்துத் தூங்கியிருப்போம் என்று நினைத்துக்கொண்டான். பெட்டியின் விளிம்பு முழங்கைக்கு மேல் ஒரு முழுச் சுற்று சுற்றி வராது என்பதும் தோன்றத்தான் செய்தது. தோன்றியதைத் தள்ளிவிட்டான். முப்பத்தொன்பது வயதில், முன்மண்டை வழுக்கை விழுந்த பிறகும், ஒருவனை எல்லோரும் சின்னவன் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தால், தோன்றுவதைத் தள்ளிவிடும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது.

முன்பக்கம் அண்ணன் யாருக்கோ சளியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் படித்தது மருந்துக்கடை நடத்துவதற்கான படிப்பு, அதுவும் இரண்டு தவணையில். ஆனால் தெருவே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். அண்ணனுக்குக் கேலி கேட்காத காது. பத்து வருடத்தில் கேலி தேய்ந்துபோய் பட்டம் மட்டும் மிஞ்சிவிட்டது. வெள்ளைக் கோட்டு மட்டும் தைத்துக்கொள்ளவில்லை, அந்த அளவுக்கு வெட்கம் இருந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டையோடு நிறுத்திக்கொண்டார்.

அவருடைய பெருமைகளில் தலையாயது தம்பிதான். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, சின்னவனை ஸ்டூலில் உட்கார வைப்பார். இடது கையில் பட்டையைச் சுற்றுவார். பந்தை அமுக்குவார். குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். இருமிக்கொண்டிருப்பவர்கள்கூட இருமலை அடக்கிக்கொள்வார்கள். காற்று சீறி இறங்கும். அப்புறம் அண்ணன் கண்ணைத் திறந்து, தம்பிக்கு அல்ல, கடைக்கு அறிவிப்பார்.

"நூத்தி இருபதுக்கு எண்பது. நார்மல். ஒரு வயசுல இவனுக்கு நெஞ்சுல ஆபரேஷன். ரத்தக்குழாய் சுருங்கிப் போச்சு. பிழைக்கவே மாட்டான்னாங்க. இன்னைக்குப் பாருங்க, குதிரை!"

"எல்லாம் உங்க கவனிப்பு டாக்டர்" என்பார்கள்.

குதிரைக்கு அடிக்கடி தலை வலித்தது. இரண்டு தெரு நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. கோடையிலும் பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. இதையெல்லாம் குதிரை சொன்னால், "பெட்டி தூக்கச் சொன்னா மட்டும் உனக்கு வலி வந்துடும்" என்பார் அண்ணன். அம்மா இறந்துபோன வருடத்திலிருந்து இந்த அளவெடுப்பு நடக்கிறது. இருபது வருடம். இருபது வருடமும் நார்மல். மதியம் சாப்பிட்டதும் அண்ணன் தன் கையாலேயே ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பார். "சத்து மாத்திரை, போட்டுக்கோ." சின்னவன் போட்டுக்கொண்டு பின்னறையில் படுப்பான். அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம் வரும்.

அடுத்த ஞாயிறு அண்ணன் ஊரில் இல்லை. மருந்து வியாபாரிகள் சங்கத்தில் 'மக்கள் நலனில் நாம்' என்று பேசப் போயிருந்தார். காலை பத்து மணிக்குச் சின்னவனின் மூக்கிலிருந்து ரத்தம் வரத் தொடங்கியது. பதினொன்றுக்கும் நிற்கவில்லை.

"உங்க அண்ணன் பேசி முடிச்சிட்டு வர்ற வரைக்கும் மூக்கைப் பிடிச்சிக்கிட்டே உக்காந்திருக்கப் போறீங்களா தம்பி?" என்றாள் அண்ணி. "அவர் பேச ஆரம்பிச்சா உங்க உடம்புல ஒரு சொட்டு மிஞ்சாது. எழுந்திருங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டரம்மா அவனுக்கு இரண்டு கையிலும் அளந்தார். பிறகு தொடையில் ஒரு பெரிய பட்டையைச் சுற்றி அளந்தார். மறுபடி வலது கையில் அளந்தார். எழுதியதை அடித்துவிட்டு அதையே திரும்ப எழுதினார்.

"இடது கைல நூத்திப் பதினெட்டு. வலது கைல இருநூத்திப் பதினாறு. கால்ல எண்பத்தஞ்சு." அவர் ஒரு கையால் அவனுடைய வலது மணிக்கட்டையும் இன்னொரு கையால் தொடையிடுக்கையும் தொட்டுக்கொண்டு, எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார். "இங்க அடிக்குது. அங்க அப்புறமா வருது. நீங்களே தொட்டுப் பாருங்க."

அவன் தொட்டுப் பார்த்தான். கையில் ஓங்கி ஒரு அடி. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு காலில், மிக லேசாக, வரலாமா என்று கேட்டுக்கொண்டு வருவது போல, இன்னொன்று.

டாக்டரம்மா தாளில் படம் போட்டுக் காட்டினார். நெஞ்சிலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தம் போகும் பெரிய குழாய், முதுகுப்பக்கம் திரும்பும் இடத்தில் சுருங்கியிருந்தது. ஒரு வயதில், அந்தக் கால வழக்கப்படி, இடது கைக்குப் போகும் குழாயை வெட்டி மடித்து அந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். உயிர் பிழைத்தான். ஒட்டுப் போட்ட இடம் இத்தனை வருடத்தில் மறுபடி சுருங்கிவிட்டது. பக்கத்திலேயே சுவர் மெலிந்து உப்பியும் இருக்கிறது. குழாய்க்குள் ஸ்டென்ட் வலை வைத்து விரிக்க முடியாது. நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும்.

"இடது கைக்கு நேர்க்குழாயே கிடையாது. அங்க என்னைக்கு அளந்தாலும் நார்மல்னுதான் காட்டும். வீடு எரிஞ்சாலும் நார்மல்தான். வலது கைல மட்டும் பாருங்க, வருஷா வருஷம் வாங்கன்னு லெட்டர் குடுத்திருப்பாங்களே. இவ்வளவு நாள் யார் பாத்துக்கிட்டிருந்தது?"

"அண்ணன்" என்றான் சின்னவன்.

"அவர் டாக்டரா?"

"தெருவுக்கு" என்றாள் அண்ணி.

வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவாகி அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஜன்னலோரக் கட்டில். வெள்ளை வெயில். பினாயில் ஈரம் காய்ந்து மறுபடி ஈரமாகும் தரை, ஒரு சக்கரம் மட்டும் அழும் தள்ளுவண்டி, குடிநீர் மிஷின் அவ்வப்போது தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் ஓசை. மற்றவர்கள் தூங்கும் மதிய நேரங்களில் சின்னவன் வலது மணிக்கட்டில் இடது கை விரலை வைத்தான். பிறகு அதே விரலைத் தொடையிடுக்கில் வைத்து, கழுத்தில் அடிப்பதோடு ஒப்பிட்டான். செய்யக் கூடாது என்று நினைத்தான். நாக்கு ஆடும் பல்லைத் தேடிப் போவது மாதிரி விரல் போனது.

கழுத்தில் அடி. பிறகு காலில்.

தனியாக நடந்துபோகும்போது பின்னால் ஒருவர், நாம் கால் வைத்த பிறகே தானும் கால் வைத்து வருவது போலிருந்தது. அவன் மூச்சைப் பிடித்தான். அதுவும் பிடித்தது. அவன் வேகமாக மூச்சு விட்டான். அதுவும் வேகமாக வந்தது. ஆனால் எப்போதும் பின்னால். முப்பத்தெட்டு வருடமாகத் தன் உடம்பிலேயே யாரோ பின்னால் நடந்து வந்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் தெரியாது. தனக்கு மட்டும்தானா என்று ஒரு கேள்வி எழுந்தது. அதைத் தள்ளிவிடப் பார்த்தான். இந்த முறை அது போகவில்லை.

திங்கட்கிழமை அறுவை டாக்டர் வந்தார். அவருக்கு முன்னால் இரண்டு பேர் வந்து அவருக்காகக் காற்றை விலக்கினார்கள். பின்னால் ஏழு பேர் வந்தார்கள். அவர் சின்னவனைப் பார்க்கவில்லை, அவனுடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கவலையே படாதீங்க" என்று படத்திடம் சொன்னார். படம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அவருக்குப் பின்னால் எட்டாவது ஆளாக அண்ணன் வந்தார். கையில் பிரஷர் பார்க்கும் அளவுப் பெட்டி.

அண்ணன் திகைத்து நிற்பார், அழுவார், மன்னிப்புக் கேட்பார் என்றெல்லாம் சின்னவன் மூன்று விதமாக நினைத்து வைத்திருந்தான். மூன்றும் நடக்கவில்லை. அண்ணன் அறுவை டாக்டரிடம், "நானும் நம்ம லைன்தான்" என்று கைகொடுத்தார். மருந்துப் பெயர்களை வரிசையாகச் சொல்லி, எதற்கு எது மாற்று என்று கேட்டார். அறுவை டாக்டருக்குக் கேட்க ஆள் கிடைத்தால் போதும். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வராந்தாவைத் தாண்டிப் போனார்கள், உலகத்தின் இதயங்களையெல்லாம் பங்கு பிரித்துக்கொண்டவர்கள் போல. திரும்பி வந்த அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தம்பியின் இடது கையை எடுத்தார். பட்டையைச் சுற்றினார்.

"அண்ணே, அந்தக் கைல பாக்கக் கூடாதாம்."

"சும்மா இருடா." காற்று சீறியது. அண்ணன் கண்ணைத் திறந்து பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தார். "நூத்தி இருபதுக்கு எண்பது. இங்க இருக்கிற மிஷின் எல்லாம் புதுசு. புதுசு கொஞ்சம் பயமுறுத்தும்."

பக்கத்துக் கட்டில்காரர், "உங்க அண்ணன் டாக்டரா? குடுத்து வச்சவர் சார் நீங்க" என்றார்.

புதன்கிழமை மதியம் அண்ணன் அறுவை டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். அண்ணி துணி எடுத்து வர வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலில் காலை நீட்ட இடம் போதாமல் சின்னவன் அளவுப் பெட்டியை நகர்த்தினான். மூடி திறந்துகொண்டது. சுருட்டிய பட்டைக்கு அடியில் ஒரு நோட்டு இருந்தது.

அண்ணனின் எழுத்து. மணிமணியாக, சற்றுத் தற்பெருமையோடு வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. முதல் பக்கத்தில் மடித்து ஒட்டிய ஒரு பழைய கடிதம், அம்மாவின் டிரங்குப் பெட்டி வாசனையோடு. 'இடது கையில் அளக்கக் கூடாது. வலது கையில் மட்டும். ஆண்டுதோறும் பரிசோதனை அவசியம். பெரியவனான பின் மறு அறுவை தேவைப்படலாம்.' ஓரத்தில் அண்ணன் தேதி போட்டிருந்தார். கடிதம் கைக்குக் கிடைத்த தேதி. ஒன்பது வருடத்துக்கு முந்தையது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு வரை அண்ணனுக்குத் தெரியாது. அதுவரை அது தவறு. அதைச் சின்னவன் மன்னித்திருப்பான். மன்னிப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

பக்கத்தைத் திருப்பினான். இரண்டு கட்டங்கள். இடது, வலது. ஒவ்வொரு ஞாயிறும்.

இடது நூற்றுப் பதினெட்டு. வலது நூற்று ஐம்பத்தெட்டு.

இடது நூற்று இருபது. வலது நூற்று அறுபத்து நான்கு.

வலதுபக்க எண்ணுக்கு நேரே எல்லா வாரமும் ஒரே குறிப்பு: 'தூக்கத்தில்.'

கையில் பதிந்த பட்டை. ரப்பர் வாடை. வெள்ளை மாத்திரை. காலையில் கடை நிறைய ஆட்கள் முன்னால் இடது கை. மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, தூங்குகிறவன் பக்கத்தில் மண்டியிட்டு, வலது கை. ஒன்பது வருடம். நானூற்றுச் சொச்சம் ஞாயிறு. கடைக்கு வந்தவர்கள் முன்னால் சொன்னதை மாற்றிச் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை, ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. நூற்று எழுபது. நூற்று எண்பத்திரண்டு. ஏறிக்கொண்டே வந்தது. ஒரு பக்கத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு வரி: 'பெண் வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லியாயிற்று. வற்புறுத்த மாட்டார்கள்.' அந்தப் பெண் ஏன் வேண்டாமென்று சொன்னாள் என்று அவன் இரண்டு வருடம் யோசித்திருக்கிறான். தன் வழுக்கையைக் குற்றம் சொல்லியிருக்கிறான்.

கடைசிப் பக்கம். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு.

'வலது 214. இனி மூக்கில் ரத்தம் வரலாம். அடுத்த வாரம் ஊரில் இல்லாமல் இருப்பது நல்லது.'

தள்ளுவண்டிச் சக்கரம் வராந்தாவில் அழுதுகொண்டே போனது. சின்னவன் நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்து, பட்டையை அதன்மேல் சுருட்டி, மூடியைச் சாத்தினான். இருபது வருடம் எடுத்த சரக்கை எடுத்த அலமாரியில் வைத்துப் பழகிய கை. டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கலாம். அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. தன் வாயால், அண்ணன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வாழ்நாளெல்லாம் ஒரு மேடைக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவனுக்கு, ஒரே ஒருமுறை தானும் மேடை ஏறிப் பார்க்கும் ஆசை.

வியாழன் காலை அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாக முகத்தின்மேல் வந்து போயின. அண்ணன் கூடவே நடந்தார், தம்பியின் தலையில் கை வைத்தபடி. தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது.

"அண்ணே."

"என்னடா? பயப்படாதே."

"நோட்டைப் பாத்துட்டேன்."

அண்ணனின் கை தலையிலேயே இருந்தது. அசையவில்லை.

"ரெண்டு கட்டமும் பாத்துட்டேன். நான் வெளிய வரேன். கடைல வச்சு, ஞாயித்துக்கிழமை, பதினோரு மணிக்கு, எல்லார் முன்னாலயும் பேசுவோம்."

அண்ணன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது வேறு. கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளையின் முகம். தலையிலிருந்த கை கனத்தது.

"தெருவே டாக்டர்னு கூப்பிடுதுடா" என்றார் அண்ணன், மிக மெதுவாக.

கதவு திறந்தது.

*

தீவிர சிகிச்சை அறையில் ஜன்னல் இல்லை. பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. ஒரே வெளிச்சம், நிழலே விழாத வெளிச்சம். சின்னவன் கண் விழித்தபோது வாய்க்குள் குழாய் இருந்தது. மிஷின் அவனுக்காக மூச்சு விட்டது. குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்க இரண்டு கைகளையும் மெத்தென்ற துணிப் பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். இடது விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கீழே இறங்கி, கட்டிலடியில் இருந்த கண்ணாடிக் குப்பிக்குப் போனது. எதிரே கண்ணாடிச் சுவர். அதில் அவன் உருவமும் கட்டிலும் குப்பியும் லேசாகத் தெரிந்தன.

அப்புறம் ஒன்றை உணர்ந்தான். பாதம் சூடாக இருந்தது.

வாழ்க்கையில் முதல்முறை. கட்டைவிரல் வரை வெதுவெதுப்பு. கவனித்துப் பார்த்தான். கழுத்தில் அடித்தது, காலிலும் அடித்தது. ஒன்றாக. பின்னால் வந்துகொண்டிருந்தவர் வந்து சேர்ந்துவிட்டார். கண்ணோரம் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

டாக்டரம்மா குனிந்தார். "நல்லா முடிஞ்சது. பழைய ஒட்டை எடுத்துட்டுப் புதுக் குழாய் வச்சிருக்கோம். ரெண்டு நாளைக்கு பிரஷர் எகிறிக் குதிக்கும். உடம்புக்குப் பழைய பழக்கம் விடாது. தையல் பச்சையா இருக்கு, அதனால மருந்து விட்டு அடக்கி வைக்கிறோம். நுரையீரல் கொஞ்சம் தேறட்டும், நாளைக்கு வாய்க்குழாயை எடுத்துடலாம்."

அவன் கண்ணைத் திருப்பினான். ஊசிமருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும் சின்ன மிஷின். அதிலிருந்த மருந்தின் பெயரை அவனால் படிக்க முடிந்தது. அந்தப் பெட்டிகளை அவன் அடுக்கியிருக்கிறான். அதுதான் கடிவாளம். வலது மணிக்கட்டில் ஒரு நுண்குழாய், கணத்துக்குக் கணம் அழுத்தத்தைத் திரைக்கு அனுப்பியது. நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பத்து. கால்மாட்டில் ரிக்கார்டு அட்டை, அதன் தலையில் சிவப்பு எழுத்து: 'வலது கை மட்டும்.'

டாக்டரம்மா போனார். அவன் தூங்கினான், விழித்தான், தூங்கினான்.

ஒருமுறை விழித்தபோது மணிக்கட்டுக் குழாய் அடைத்துக்கொண்டதென்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். மயக்க டாக்டர் இன்னொரு கேஸில் இருக்கிறார், வந்ததும் புதிது போடுவார், அதுவரை பட்டை சுற்றி அளந்தால் போதும் என்று பேசிக்கொண்டார்கள். பேசியவர்களின் வேலை நேரம் முடிந்தது. புதிய நர்ஸ் வந்தாள். சின்னப் பெண். முகமூடிக்கு மேல் தூக்கமில்லாத கண்கள்.

அவளுக்குப் பின்னால் பச்சை அங்கியும் முகமூடியும் அணிந்த ஒருவர் வந்தார். உள்ளே அரைக்கைச் சட்டை தெரிந்தது.

"பெரிய டாக்டர் சார் உங்களை உள்ள விடச் சொன்னாராம். நீங்களும் டாக்டராமே சார்?" என்றாள் நர்ஸ்.

"ம்" என்றார் அண்ணன்.

அவர் இடதுபக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கால்மாட்டிலிருந்த ரிக்கார்டு அட்டையை எடுத்து, படிப்பவர் போல, மடியில் வைத்துக்கொண்டார். எழுத்து அவர் பக்கம் திரும்பியிருந்தது.

நர்ஸ் பட்டையை எடுத்தாள். வலது கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் கட்டு, மேலே இரண்டு சலைன் ஊசி. "எந்தக் கைல சார் பாக்கறது? அட்டைல எதுவும் போட்டிருக்கா?"

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். முகமூடிக்கு மேல் கண்கள் மட்டும். இருபது வருடம் பார்த்த கண்கள். அவை ஈரமாக இருந்தன. அன்பாகவும் இருந்தன.

"இடது கைலம்மா" என்றார் அண்ணன். "இவனுக்கு எப்பவும் இடதுதான். இருபது வருஷமா நான்தான் பாக்கறேன்."

சின்னவன் தலையை ஆட்டினான். குழாய் தொண்டையைக் கிழித்தது. வலது கையை உயர்த்தினான். துணிப் பட்டை இழுத்தது. விரலால் கம்பியைத் தட்டினான். தட்டினான். தட்டினான்.

"எதோ சொல்ல வர்றாரே சார்?"

"தாகமா இருக்கும்."

அவள் பஞ்சை நனைத்து அவன் உதட்டில் ஒற்றினாள். பிறகு இடது கையில் பட்டையைச் சுற்றினாள். மிஷின் உறுமியது. திரையில் எண் வந்தது. தொண்ணூற்றாறு.

"ஐயோ, ரொம்பக் கம்மியா இருக்கே. தொண்ணூறுகளுக்கு வந்தா பிரஷர் மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்காங்க. நிறுத்திடவா சார்?"

அண்ணன் அட்டையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். சிவப்பு எழுத்து அவர் மூக்குக்கண்ணாடியில் ஒரு கோடாகத் தெரிந்தது.

"நிறுத்திடும்மா."

சின்ன மிஷினின் விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மூச்சு மிஷின் மட்டும். ஏறியது, இறங்கியது. பிறகு காதுக்குள் பழைய இடி ஆரம்பித்தது. கழுத்தில், நெற்றியில், கண்ணுக்குப் பின்னால். அது எங்கே ஏறுகிறது என்று அவனுக்குத் தெரியும். நூற்று அறுபது. நூற்று எண்பது. நோட்டின் பக்கங்களை ஒன்பது வருடத்தில் அல்ல, ஒன்பது நிமிடத்தில் புரட்டுவது போல. முதுகுப்பக்கம், தோள்பட்டைக்குக் கீழே, பச்சைத் தையல் இருக்கும் இடத்தில் ஒரு இழுப்பு.

இடது கைப் பட்டை உறுமியது. நூற்றிரண்டு. "இப்ப பரவாயில்ல சார்" என்றாள் நர்ஸ். உடனே திரை கத்தியது. "நாடி மட்டும் வேகமா இருக்கே."

"பயம். சின்ன வயசுலேர்ந்தே பயந்தவன். தூக்க மருந்து கொஞ்சம் குடுத்தா அடங்கிடுவான். அந்தச் சத்தத்தை நிறுத்தும்மா, அதுவே இவனுக்கு பயத்தைக் கூட்டும்."

அவள் சத்தத்தை நிறுத்தினாள். தூக்க மருந்தை ஏற்றினாள். மூன்றாவது கட்டிலில் யாருக்கோ திணறல். "நீங்க இருக்கீங்க இல்ல சார்?" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அண்ணன் இருந்தார்.

விலாவுக்குள் ஏதோ விட்டது. வலிகூட இல்லை. ஒரு நூல் அறுவது போல. பிறகு சூடு. பாதத்துச் சூடு அல்ல. உள்ளே, தவறான இடத்தில், பரவுகிற சூடு.

கண்ணாடிச் சுவரில் பார்த்தான். ரப்பர் குழாய் சிவந்தது. குப்பியில் அடிக்கோடு மறைந்தது. அடுத்த கோடு. அடுத்தது.

கத்தினான். மிஷின் அவனுக்காக நிதானமாக மூச்சு விட்டது.

பாதம் குளிர்ந்தது. முதலில் விரல்கள். பிறகு குதிகால்.

அண்ணனின் உள்ளங்கை அவன் நெற்றியில் வந்து படிந்தது. வெதுவெதுப்பான, ஸ்பிரிட் மணக்கும் கை. தட்டிக்கொடுத்தது. "தூங்கு. நான் பாத்துக்கறேன். தூங்குடா."

இமை கனத்தது. மருந்து இழுத்தது. கண்ணாடியில் எல்லாம் தெளிவாக இருந்தது. கட்டில். கட்டிலில் ஒருவன். ஸ்டூலில் ஒருவர், முதுகு நேராக, மடியில் அட்டை. குப்பி நிறைந்துவிட்டது. அதன் வாயில் நுரைத்தது. பக்கவாட்டில் வழிந்தது. தரையில் மெல்ல, சத்தமில்லாமல், ஸ்டூலை நோக்கி வந்தது.

அண்ணன் குனிந்து பார்க்கவில்லை. நெற்றியில் தட்டுவதை நிறுத்தவும் இல்லை. அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும், தரை பெருக்க வருகிறவருக்கு வழிவிடுவது போல, மெதுவாக மேலெழுந்து, ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டன.